சிறுபுஷ்பத்தின் வீட்டில் தங்கிய அலை

புயலடித்த அன்று வலம்புரித்துறைக்குள் வந்த அலைகள் எல்லாம், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, உடைக்க வேண்டியதை உடைத்துப் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் போகவில்லை. அது மாதா தெருவின் நடுவில், சிறுபுஷ்பம் புதிதாகக் கட்டியிருந்த வீட்டின் மேல், தென்னை உயரத்துக்கு எழும்பி, உச்சியில் நுரையை வைத்துக்கொண்டு, விழவும் செய்யாமல் வடியவும் செய்யாமல், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நின்றது. விடிந்தால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. பௌர்ணமிக்குப் போகும் என்றார்கள். பௌர்ணமி வந்து போனது, அலை நின்றது. அதற்குப் பிறகு ஊர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. புயலடித்த ஊருக்கு இருக்கிற வேலைகளுக்கு நடுவே ஆச்சரியப்படுவதற்கென்று யார் தனியாக நேரம் ஒதுக்குவது?

சிறுபுஷ்பம் என்பது பெயரில் மட்டும்தான். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் சந்தைக்குள் நுழைந்தால் கூட்டம் தானாக இரண்டாகப் பிரியும்; அவள் குரலை உயர்த்தினால் அடுத்த துறையில் ஏலம் கூறுகிறவன் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, இது தன்னைத்தானோ என்று யோசிப்பான். கணவன் சூசைமரியான் கடலுக்குப் போய்த் திரும்பாமல் வருஷங்கள் ஆகிவிட்டன. அன்றைக்குத் தூக்கிய கூடையை அவள் இறக்கவே இல்லை. வெயிலிலும் மழையிலும் அலைந்து, ஓலைக் குடிசை இருந்த அதே இடத்தில் கல் வைத்துச் சுவர் எழுப்பி, கான்கிரீட் கூரை போட்டு, ஜன்னலுக்கு நீலத்திரை தொங்கவிட்டு, மாதா திருநாளன்று பங்குச்சாமியார் வந்து மந்திரித்ததும் குடியேறிவிடலாம் என்று இருந்தாள். அந்த வீட்டில் அவள் இன்னும் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. அதற்குள் அலை குடியேறிவிட்டது.

வீட்டுக்கு ஒரு கீறலும் விழவில்லை என்பதுதான் கொடுமை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கல்யாணப் பலகாரம் போல அது அலைக்குள் முழுசாகத் தெரிந்தது. நீலத்திரை ஆடிக்கொண்டிருந்தது. கூடத்தில் பெரிய களவா மீன் ஒன்று, வாடகை கொடுத்தவன் மாதிரி, மின்விசிறிக்குக் கீழே சாவகாசமாக மிதந்தது. நிவாரணம் எழுத வந்த அதிகாரி வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

“வீடு இடிஞ்சிருக்காம்மா?”

“இல்ல சார்.”

“கூரை போயிருக்கா?”

“கூரை எங்க போவும்? கடலுல்லா உள்ள நிக்கு!”

“அப்ப வீடு நல்லாத்தான் இருக்கு,” என்று அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊருக்கோ அலையால் ஒரு தொந்தரவும் இல்லை. புயலில் வள்ளத்தையும் வலையையும் இழந்தவர்கள் தெருவில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதற்குள் தூண்டில் விட்டார்கள். சாளையும் நெத்திலியும் கிடைத்தன. தெருவில் பிடிபட்ட மீனுக்குக் கோயில் பங்கு உண்டா என்று ஒரு பெரிய வழக்கு வந்தது. கடல் என்றால் பங்கு உண்டு, தெரு என்றால் இல்லை என்று ஊர்க்கமிட்டி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மறுபாதியோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி, பிறகு பஸ் கண்டக்டர் அந்த இடத்தை “அலை ஸ்டாப்” என்று கூவ ஆரம்பித்ததும் ஸ்டாப் என்றால் தெருதான் என்று முடிவானது. மத்தியானம் அதன் நிழல் விழும் இடத்துக்கு நாவிதர் கடையை மாற்றிக்கொண்டார். யேசுதாஸின் டீக்கடையில் அலையைப் பார்த்தபடி உட்காரும் பெஞ்சுக்கு அடிதடி நடந்தது. வெளியூர் மணமக்கள் வந்து அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதலில் குரைத்த நாய்கள் பிறகு அதன் ஓரத்தில் படுத்தன. அலையும் ஊரோடு பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடிக்கும்போது அது இரைச்சலைக் குறைத்துக்கொண்டதைச் சாமியாரே கவனித்துப் பிரசங்கத்தில் சொன்னார், மனிதர்களுக்கு அந்த மரியாதை இல்லை என்பதையும் சேர்த்து.

சிறுபுஷ்பம் மட்டும்தான் பழகவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் பாயில் படுத்து எழுந்து, சந்தைக்குப் போகும் முன் தினமும் அலையின் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

“ஆள எடுத்தே, சரி. நான் ஒண்ணும் கேக்கல. வீட்டயும் எடுப்பியா நீ? வெக்கம் இல்லியா ஒனக்கு?”

அலை கொஞ்சம் நுரைக்கும். அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில்தான் ஆஸ்திரேலியாக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள். தங்கள் ஊர்க் கடற்கரையில் விருந்து வைத்தும் போட்டி நடத்தியும் பணம் திரட்டி, உலகத்தில் எந்தக் கரையில் புயலடித்தாலும் அங்கே போய்க் கூரை வேய்ந்து, கக்கூஸ் கட்டி, குடிதண்ணீருக்குக் குழாய் போட்டுவிட்டு வருவது அவர்கள் வழக்கம். கடல் எங்களுக்குச் சந்தோஷம் தந்தது, கடலால் துன்பப்பட்டவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள் என்பது அவர்கள் கொள்கை. தலைவி ஹேலி, நெடுநெடுவென்று வளர்ந்தவள், முகமெல்லாம் புள்ளி. அவளுக்கு வலதுகை லாக்லன். அவன் தலைமுடி தேங்காய்க் கதம்பை நார் மாதிரி பழுப்பாகச் சிலிர்த்துக்கொண்டிருக்கும். வேன் நின்றதும் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. ஆனால் யாரும் இவர்களையோ இவர்கள் கொண்டுவந்த தார்ப்பாய்களையோ பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் வேனின் மேல் கட்டியிருந்த சறுக்குப் பலகைகளின் மேல் இருந்தது.

கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டுவது. ஒற்றைத் தடியோடு எந்த ஊரிலும் எவனும் கடலுக்குப் போவதில்லை. இவர்களோ ஆளுக்கொரு தடியை, அதுவும் முன்பக்கம் அழகாக வளைத்துச் செதுக்கிய நல்ல தடியை, பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஊருக்கு நெஞ்சு பதைத்தது. கப்பலில் சமையல்காரனாக இருந்து கப்பல் இங்கிலீஷ் கற்றுவந்த லூக்காஸை முன்னே தள்ளிக் கேட்கச் சொன்னார்கள். லூக்காஸ் போய், மற்ற தடிகள் எங்கே என்று கேட்டான். ஆளுக்கு ஒன்றுதான் என்று ஹேலி சிரித்தபடி சொன்னாள்.

லூக்காஸ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். “பாவம். அவியளுக்கும் புயலடிச்சிருக்கு. ஆளுக்கு ஒரு தடிதான் மிச்சமாம். அதயும் சிரிச்சிட்டே சொல்லுதா அந்தப் பெண்ணு.”

“எனக்க மாதாவே! அந்த நெலமயிலயா நம்மளுக்கு ஒதவ வந்தினும்?” என்று பெண்கள் கண்ணீர் விட்டார்கள்.

அன்றிலிருந்து வலம்புரித்துறையில் இரண்டு நிவாரணப் பணிகள் ஒரே சமயத்தில் நடந்தன. காலையில் வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கூரை போட்டார்கள். சாயங்காலம் ஊர் வெள்ளைக்காரர்களுக்குப் புட்டும் பயறும், மீன்குழம்பும், அரசாங்கம் கொடுத்த அரிசியில் ஒரு பங்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. லாக்லனின் முழங்காலில் கிழிந்த கால்சட்டையைப் பார்த்துப் பொறுக்காமல், அதைக் கொடியிலிருந்து எடுத்து யாரோ ஒட்டுப் போட்டு வைத்தார்கள். காசு அதிகம் கொடுத்துக் கிழிசலோடு வாங்கியது என்று பாவம் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படித் தாராளமான மக்களை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்று ஹேலி போனில் தன் அம்மாவிடம் சொன்னாள். தன் துன்பத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிற இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்ததில்லை என்று ஊரும் சொல்லிக்கொண்டது.

அலையைக் கண்டதும் அந்தப் பிள்ளைகளின் முகம் மாறிப்போனதைச் சிறுபுஷ்பம் கவனித்தாள். பூசாரி சாமியைப் பார்ப்பதுபோல் அவர்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள். எப்படி வந்தது, ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு அது பிடித்துவிட்டது. லூக்காஸைக் கூட்டிக்கொண்டு நேராக ஹேலியிடம் போய், சொந்தப் பிள்ளையிடம் பேசுவதுபோல் கேட்டாள்.

“மக்களே, ஒனக்கு அலையத் தெரியும்னு சொல்லுதாவ. எனக்க வீட்ட விட்டு இத எறக்கித் தருவியா?”

ஹேலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை லூக்காஸ் மொழிபெயர்த்தான்: ஓர் அலையை யாராவது ஒருமுறை முழுசாக ஏறி ஓட்டிவிட்டால் அது முடிந்துபோகும்.

மறுநாள் காலை பள்ளிக்கூட மாடியிலிருந்து லாக்லன் பலகையோடு அலையின் உச்சிக்குத் தாவினான். அத்தனை நாள் ஒரே இடத்தில் நின்று கால் மரத்துப்போயிருந்த அலைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, முதுகை வளைத்து, லாக்லனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஊரே கைதட்ட, மாதா தெருவில் மேற்கே மேட்டைப் பார்த்துப் பாய்ந்து, யேசுதாஸின் டீக்கடையைப் பாய்லரோடும் பெஞ்சோடும் விழுங்கிவிட்டு நின்றது. தலைதான் நகர்ந்தது. வால் சிறுபுஷ்பத்தின் வீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஹேலி ஏறிப் பார்த்தாள். நாவிதர் கடை போயிற்று. மூன்றாவதாக ஒருவன் ஏறப்போனபோது யேசுதாஸ் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

“நல்ல ஒதவி! என்ன கேட்டேன், என்ன செஞ்சினும் பாத்தியளா அண்ணே?” என்றாள் சிறுபுஷ்பம்.

“இவியளுக்கு அலையில ஏறிக் கரைக்கு வரத்தான் தெரியும் பிள்ளே,” என்றான் லூக்காஸ். “கடலுக்குப் போவத் தெரியாது.”

சிறுபுஷ்பம் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள், அந்தக் கடைசி வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தபடி.

அலை நகர்ந்த செய்தி தாசில்தாருக்குப் போனது. அவர் ஜீப்பில் வந்து, சுருள் நாடாவைப் பிரிக்கச் சொல்லி, அலை எங்கே நிற்கிறதோ அதுதான் சட்டப்படி கரை என்றும், கரையை ஒட்டி யாரும் குடியிருக்கக் கூடாது என்றும், திருநாளுக்குள் அது போகாவிட்டால் சிறுபுஷ்பத்தின் மனை கடல் கணக்கில் போய்விடும், மற்ற எல்லாரும் ரோட்டைத் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்புக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். அங்கிருந்து கடல் தெரியாது. காற்று வீசினால் சத்தம்கூடக் கேட்காது. அதுவரை அலையோடு குடும்பமாக இருந்த ஊர் ஒரே மூச்சில் திரும்பி, இந்தச் சனியன் எதற்கு இங்கே நிற்கிறது என்று கேட்டது. இதைத்தானே நான் இத்தனை நாளும் கத்தினேன் என்று சிறுபுஷ்பம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் பள்ளிக்கூட வராந்தாவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் தாசில்தார் சொன்னது அவளுக்கு முழுசாக உறைத்தது. மனை போனால் வீடு போகும். சூசைமரியான் மூங்கில் நட்டு ஓலை வேய்ந்த இடம் அது. அவன் இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அடையாளம் அந்த இடம்தான்.

இதற்கிடையில் ஊர் ஆண்கள் வேறொரு ரகசிய வேலையில் இருந்தார்கள். நம்மைத்தான் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள், போவதற்கு முன் இந்தப் பிள்ளைகளுக்காவது ஒரு வழி செய்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்து, திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பங்குச்சாமியார் வீட்டு விருந்தில் உட்காரவைத்துவிட்டு, பலகைகளையெல்லாம் கடற்கரைக்குத் தூக்கி வந்தார்கள். மேலே யாரோ மெழுகுதிரியை உருக்கிச் சொட்டவிட்டிருந்தார்கள். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சுறாச் சிறகு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. புயலில் எங்கேயோ இடித்து ஒட்டிக்கொண்டது போல என்று இரங்கி, அரம் வைத்து நைஸாக அறுத்து எடுத்தார்கள். பிறகு தங்களிடம் மிஞ்சிய நல்ல தடிகளை இடையிடையே கொடுத்து, புதுக் கயிற்றால் வரிந்து, இறுக்கி, முடிச்சுப் போட்டு, வலம்புரித்துறை கண்டதிலேயே மினுமினுப்பான கட்டுமரம் ஒன்றைக் கட்டி நிறுத்தி, அதற்குச் சாமந்தி மாலை சாத்தினார்கள்.

விருந்து முடிந்து வந்த ஹேலி அதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பலகைக்குச் சுக்கானாக இருந்து இப்போது அறுபட்டுக் கிடந்த சிறகுகளை லாக்லன் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றான்.

“பாத்தியளா, சந்தோசத்துல பேச்சு வரல்ல,” என்றான் லூக்காஸ். ஆண்களும் கண்கலங்கினார்கள்.

சிறுபுஷ்பம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கட்டுமரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அலையில் நிற்கத் தெரிந்த பலகை. அலையைக் கடக்கத் தெரிந்த தடி. இரண்டும் ஒரே கட்டில்.

“மாலைய எடுங்க,” என்றாள். “இத டீக்கடைக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போங்க. லூக்காஸ் அண்ணே, தொழவு எடுத்துக்கிடுங்க. மக்களே, நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. நானும் வாரேன்.”

ஊரில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெண்கள் கட்டுமரம் ஏறுவது அந்தக் கரையில் வழக்கமில்லை. ஏறினால் ஆகாது என்று கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“கடலு பொம்பளைக்க வீட்டுக்குள்ள வரலாம், பொம்பள கடலுக்குப் போவப்பிடாதா?” என்றாள் சிறுபுஷ்பம். தலைவர் செருமியதைச் சளி என்று மாற்றிக்கொண்டார்.

மேட்டிலிருந்து ஊர் முழுவதும் சேர்ந்து ஏலேலோ போட்டுத் தள்ளியது. கட்டுமரம் டீக்கடைக்கு மேலே அலைக்குள் புகுந்தது. அந்த அலை பிறந்ததிலிருந்து அதைக் கண்டவர்கள் ஒன்று பயந்து ஓடியிருக்கிறார்கள், அல்லது ஏறிக் கூத்தாடியிருக்கிறார்கள். கரைப்பக்கத்திலிருந்து ஒருத்தி முகத்துக்கு நேரே வந்து கடலுக்கு வழி கேட்டது இதுதான் முதல்தடவை. அது திகைத்தது. லூக்காஸ் முன்னே நின்று துடுப்பால் துழாவினான். ஹேலியும் லாக்லனும் எழுந்து நின்று, அலை இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் சாய்ந்து, அது எகிறினால் முழங்காலை மடக்கி, கட்டுமரத்தைக் கவிழவிடாமல் பிடித்தார்கள். நடுவில் சிறுபுஷ்பம், சேலையை வரிந்து செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, அலையைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவளுடைய வீட்டுக்கு மேலே வந்தபோது கீழே பார்த்தாள். கூரை தெரிந்தது. திரை ஆடியது. களவா அண்ணாந்து பார்த்தது. அப்போது அவள் குரல் மாறிவிட்டது.

“போதும், எழும்பு,” என்றாள் மெதுவாக. “ஒனக்கும் போவ வழி தெரியாமத்தான் நின்னியா? எனக்க பொறத்தால வா.”

அலை மெல்லத் திரும்பியது. முதலில் டீக்கடையை விட்டது, பிறகு நாவிதர் கடையை, பிறகு ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும், தங்கியிருந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற விருந்தாளி போல, சிறுபுஷ்பத்தின் வீட்டைவிட்டு எழுந்து, கட்டுமரத்தின் பின்னாலேயே தெருவில் இறங்கி, மணலைக் கடந்து, கடலில் போய் மற்ற அலைகளோடு சேர்ந்துகொண்டது. சேர்ந்த பிறகு எது அது என்று ஹேலியாலும் சொல்ல முடியவில்லை.

நல்ல ஆழத்துக்கு வந்ததும் லூக்காஸ் துழாவுவதை நிறுத்தினான். சிறுபுஷ்பம் கரையைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வயதில் அவள் கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறாளே தவிர, கடலில் நின்று கரையைப் பார்த்ததில்லை. கோயில் கோபுரம் தெரிந்தது, தென்னைகள் தெரிந்தன. அவளுடைய வீட்டை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

“எனக்க வீடு எங்க அண்ணே?”

“அன்னா, கோபுரத்துக்குத் தெக்கால, சாம்பல் நெறத்துல. சிமெண்டுல்லா, மணலோட மணலாப் போச்சு. முன்ன ஓலை இருக்கும்போ நல்லாத் தெரியும். சூசை அதத்தான் அடையாளம் பிடிச்சு வருவான்.”

கான்கிரீட் போட்டபோது, ஓலையைப் பிரித்துக் கொளுத்தியபோது, இது அவளுக்குத் தோன்றவே இல்லையே. திரும்பி வருகிற வழி முழுக்க அவள் அந்தச் சாம்பல் புள்ளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரை தட்டும் முன் குனிந்து, கட்டுக்குள் இருந்த ஹேலியின் பலகையைத் தொட்டுக் காட்டினாள். அது கண்ணைக் கூசவைக்கிற மஞ்சள், எலுமிச்சம்பழத்துக்கு வெளிச்சம் போட்டதுபோல.

“இந்த நெறம் எங்க கிட்டும்னு கேளுங்க அண்ணே.”

திருநாளன்று சாமியார் வீட்டை மந்திரித்தார். அதற்கு முன் ஹேலியும் லாக்லனும் மற்றவர்களும் தரையிலும் முகத்திலும் ஒருவர் முதுகில் ஒருவருமாகச் சிந்திக்கொண்டு, கடலைப் பார்த்த சுவர் முழுக்க அந்த மஞ்சளைப் பூசி முடித்திருந்தார்கள். அவர்கள் கிளம்பும்போது ஊர் ஆளுக்கு இரண்டு தடி வீதம் கட்டிக்கொடுத்து, ஊரில் போய் முழு மரமாகச் செய்துகொள்ளச் சொன்னது. விமானத்தில் தடி ஏற்றமாட்டார்கள் என்று விளக்க ஹேலி முயன்றாள்; பிறகு லூக்காஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும், அடுத்த முறை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றாள். அறுத்த சிறகுகளில் ஒன்றைச் சிறுபுஷ்பம் கேட்டு வாங்கிக் கதவுக்கு அடைகொடுத்து வைத்தாள்.

இப்போது வலம்புரித்துறைக்காரர்கள் கடலிலிருந்து திரும்பும்போது கோபுரத்தைத் தேடுவதில்லை. மஞ்சள் வீடு தெரிந்ததும் மரத்தைத் திருப்புகிறார்கள். வெயில் நேரத்தில் அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை, கண்ணு அவிந்துபோகிறது, இப்படியா ஒருத்தி வீட்டுக்கு வர்ணம் அடிப்பாள் என்று யேசுதாஸ் டீ ஆற்றிக்கொண்டே கேட்பான்.

“கடல்லேந்து வாறவனுக்குத் தெரிய வேண்டாமா?” என்பாள் சிறுபுஷ்பம்.

வருகிறவன் யார் என்று யேசுதாஸ் கேட்டதில்லை. டீயை அவள் பக்கம் நகர்த்தி வைப்பான்.